மிதவையில் விழுந்த முடிச்சு

எல்டன் ஃபாஸ் ஆளுநரானது கட்சிக்காரர்களுக்கு இன்னும் செரிக்கவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையில் சிங்கிறால் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். இரண்டு கட்சியும் வாசலோடு திருப்பி அனுப்பியதால் ஆளுநர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். தம்பி மெர்ட்டன்தான் தன் ஓட்டை வண்டியில் ஊர் ஊராக அவரை ஏற்றிப் போனான். ஊருக்கு பீன்ஸ் விருந்து போட்ட ஒரு தேவாலயத்தையும் ஓட்டுக் கேட்காமல் விடவில்லை. ஜெயித்த பிறகும் சனிக்கிழமை காலையில் எல்டன் படகெடுத்து, கடலில் போட்ட சிங்கிறால் கூடுகளைத் தூக்கப் போய்விடுவார்.

சட்டசபையில் அவருக்கென்று ஓர் ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் அவருடைய வளைகுடாவிலேயே ஐந்து வருடம் மீன்பிடியை நிறுத்தும் மசோதாவை நிறைவேற்றி அவர் தலையில் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். திட்டு எப்படியும் அவருக்குத்தான். கெட்டிக்காரப் பயல்கள். கடலில் முட்டை சுமக்கும் சிங்கிறால் அற்றுப்போனது துறைமுகத்து மீனவர்களுக்கே தெரியும். கடலை மூடினால் அடுப்பெரியாது என்பதும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, கூட்டின் கயிறு கட்டிய முதல் மிதவையைக் கொக்கியால் இழுத்துப் பிடித்தார். மிதவையின் குச்சியில் யாரோ கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார்கள். அத்துமீறி வந்த வெளியூர்க்காரனுக்குத் துறைமுகத்து மீனவர்கள் போடும் முடிச்சு அது. கூட்டை எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் அடுத்து கயிறு அறுபடும் என்று அர்த்தம். வாலிபத்தில் அவரே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார். இன்று அவருடைய மிதவை எல்லாவற்றிலும் அதே முடிச்சு.

மெர்ட்டனின் படகு பக்கத்தில் வந்து நின்றது.

"யாருடா கட்டினது?"

"நான்தான். எச்சரிக்கை விழுந்த கூட்டை ஒரு வாரத்துக்கு எவனும் தொடமாட்டான். நான் கட்டலேன்னா நேத்தே அறுத்திருப்பானுங்க. செவ்வாய்க்கிழமை மறுத்துடுண்ணே. நானே வந்து அவுத்துவிடுறேன்."

"கட்சிக்காரனா இருந்தா, கையெழுத்தைப் போட்டுட்டு, கட்சி சொல்லுச்சுன்னு தப்பிச்சிருப்பேன்."

"என் படகும் இங்கதாண்ணே ஓடுது."

"தெரியும்டா." எல்டன் கொக்கியைக் கீழே வைத்தார். முடிச்சை அவிழ்க்காமலே கயிற்றை இழுத்தார். காலிக் கூடு மேலே வந்தது. அதைத் திரும்பக் கடலில் இறக்காமல் படகிலேயே அடுக்கினார். அடுத்ததையும் அப்படியே.

அண்ணன் கையெழுத்துப் போடப் போகிறார் என்று மெர்ட்டனுக்குப் புரிந்துவிட்டது. தன் படகை இன்னும் நெருக்கினான். பிறகு கொக்கியை நீட்டி அண்ணனின் இன்னொரு மிதவையை இழுத்தான்.

"ஒத்தையில தூக்கினா இடுப்புப் பிடிச்சுக்கும். இந்தப் பக்கத்துல இருக்கறதை நான் தூக்கித் தரேன். அதுக்கப்புறம் என் வீட்டு வாசல் மிதிக்காதே."