மணியம் கிராணிக்குத் தைத்த தோல் உறை

மணியம் கிராணிக்கு மலாக்காவில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். கோயில் தலைவராம், சமூகத் தொண்டராம், கம்யூனிஸ்டுக் கலக அவசரகாலத்தில் இடுப்பில் துப்பாக்கியோடு தோட்ட மக்களைக் காத்த தீரராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. யாரை யார் காத்தது? என்னைப் பேசக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் பெயர் இருசம்மாள். செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் பால் மரம் வெட்டினேன். ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியான அந்தத் தீரரைத் தினமும் விடியற்காலைப் பெரட்டில் பார்த்தவள்.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதுதான் அவருடைய பெரிய வேலை. மழையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவரும் பொம்பளைகளைக்கூட, 'லேட்டு, வீட்டுக்குப் போ' என்று திருப்பி அனுப்புவார். துரை வரும் சத்தம் கேட்டால் மட்டும் அந்த முதுகு தானாக வளையும்.

ஐம்பத்தொன்றில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் கங்காணிகளையும் கிராணிகளையும் சுட ஆரம்பித்தார்கள். துரை போலீசில் சொல்லி, மணியம் கிராணிக்கு ஒரு ரிவால்வர் வாங்கிக் கொடுத்தார். நம்பரைப் பதிந்துகொண்டு, போலீசே ஒரு தோல் உறையும் தந்தது. பெல்ட்டில் வெளியே தொங்கும் உறை. இரண்டு நாள் அதை மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். துப்பாக்கி வைத்திருப்பவனைத்தான் முதலில் சுடுவார்கள் என்று யாரோ காதில் போட்டார்கள். அவ்வளவுதான், மனுஷனுக்குப் பேதியே கண்டுவிட்டது. துப்பாக்கியும் வேண்டும், அது வெளியே தெரியவும் கூடாது.

ஜாசினில் கடைவரிசை நடைபாதையில், அஞ்சடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் காளிமுத்துவிடம் போனார். முதலில் அக்குளுக்குள் வைக்கிற மாதிரி ஓர் உறை. வியர்வையில் தோல் உராய்ந்து வேர்க்குரு கொப்பளித்தது. ஒரு வாரம் கையைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். அடுத்தது முதுகுப் பக்கம். நாற்காலியில் சாய முடியவில்லையாம். மூன்றாவதாக ஆட்டுத்தோலில், கால்சட்டைக்குள் தொந்தியை ஒட்டிச் செருகுகிற மாதிரி ஓர் உறை. துணி மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் துப்பாக்கி நழுவாமல் வாயை மூடிப் பிடிக்கும் வாரும் அதன் பித்தானும் தொந்தியில் அழுத்தினவாம். அதை அறுத்துப் போடச் சொன்னார்.

"வாரு இல்லன்னா நிக்காதுங்கய்யா. குனிஞ்சாலோ குந்தினாலோ விழுந்துரும்" என்றாராம் காளிமுத்து.

"நான் எதுக்குய்யா குனியப் போறேன்? குனியறதுக்குத்தான் தோட்டத்துல முன்னூறு பேரு இருக்கானுங்களே. அறுய்யா!"

காளிமுத்துவே பின்னால் எங்களிடம் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் பெரட்டில் புதுச் சட்டையோடு வந்து நின்றார். முன்னால் நடந்தார், பின்னால் நடந்தார். பிறகு கேட்டார்: "என்கிட்ட ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதா?"

வரிசையாக எல்லோரும் இல்லை என்று தலையாட்டினோம். என் வீட்டுக்காரர் வீரமுத்துவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "வயித்துக்குப் பக்கத்துல குட்டி வயிறு ஒண்ணு தெரியுதுங்க" என்றார். பெரட்டே சிரித்தது. கிராணியின் முகம் கறுத்துப்போனது.

பத்து நாள் கழித்து, வெயில் ஏறுவதற்குள் இரண்டு போலீஸ் ஜீப்புகள் வந்தன. பால் வெட்டிக்கொண்டிருந்த மரத்தடியிலேயே வீரமுத்துவைப் பிடித்து விலங்கு மாட்டினார்கள். கிராணியின் ரிவால்வரைக் காணோமாம். முதல் நாள் சாயங்காலம் கிராணி வீட்டுக்கு விறகு கொண்டுபோனது வீரமுத்துதானாம். அவர்தான் திருடிக் காட்டுக் கம்யூனிஸ்டுக்காரனுக்குக் கொடுத்திருப்பாராம். இதைச் சொன்னவர் மணியம் கிராணி.

அப்போது கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. இது எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வீட்டுப் பலகையைப் பெயர்த்தார்கள், அரிசியைக் கொட்டித் தேடினார்கள். நான் ஆபீசுக்கு ஓடினேன். வராந்தாவில் வீரமுத்துவை மண்டிபோட வைத்திருந்தார்கள். வாயிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. துரையும் மலாய்க்கார இன்ஸ்பெக்டரும் நாற்காலியில் இருந்தார்கள். பக்கத்தில் கைகட்டி நின்ற கிராணியின் காலில் விழுந்து கும்பிட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் கருப்பாயி அக்கா வந்தார். தோட்டத்து வாசக்கூட்டி. கிராணிமார் வீட்டு வாளிக் கக்கூசுகளைத் தினமும் எடுத்துக் குழியில் கொட்டுவது அவர் வேலை. வாளியோடு நேராக ஆபீஸ் படியேறினார். துரை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏய், எங்க வர்ற? கீழ எறங்கு!" என்று கத்தினார் கிராணி.

கருப்பாயி அக்கா வாளியை அவர் காலடியில் வைத்தார். "ஒங்க வீட்டு வாளிங்க. தூக்குறப்பவே கனமா இருந்துச்சு, கடகடன்னுச்சு. நான் தொடல. தொட்டா என்னையும் தூக்குல போடுவீங்க. ஒங்க சாமான நீங்களே எடுத்துக்குங்க."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார், "சியாப்பா பூஞா?" யாருடையது என்று.

கிராணி வாளிக்குள் பார்த்தார். "என்னுதுதான் துவான்" என்றார் மலாயிலேயே.

"விழுந்தது தெரியாதா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் அதற்கும் புத்தி வேலை செய்யவில்லை. "தெரியும் துவான். காலையில குந்தினப்ப விழுந்துச்சு. சத்தம் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"அதுல எப்படி துவான் கைய விடறது?"

கையை விட அருவருப்பாம்! வெளியே சொல்ல வெட்கமாம்! வாளியைக் கருப்பாயி குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவாள், துப்பாக்கி திருட்டுப் போனதாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். அதற்கு என் புருஷன் கழுத்து. அடப்பாவி! சோப்புப் போட்டால் போகிற அழுக்கு அது.

இன்ஸ்பெக்டர் வாளியைக் காட்டினார். கிராணி கருப்பாயி அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் முழங்கை வரை கையை விட்டு எடுத்து, பீலிக் குழாய்த் தண்ணீரில் தானே கழுவி, நம்பரைக் காட்டினார். விலங்கைக் கழற்றினார்கள். என் வீட்டுக்காரருக்கு இரண்டு பல் போயிருந்தது.

துப்பாக்கியைப் போலீஸ் திருப்பி வாங்கிக்கொண்டது. கிராணியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. துரை திட்டியதெல்லாம் வராந்தாவை நாறடித்த கருப்பாயி அக்காவைத்தான்.

அன்று சாயங்காலம் மணியம் கிராணி எங்கள் லயத்துக்கு வந்தார். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதவர். வீரமுத்து வீங்கிய வாயோடு கஞ்சி குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் பைத்தியக்காரி, முக்காலியைத் துடைத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியாம நடந்துபோச்சுலா இருசம்மா. ஒரே ஒரு ஒதவி பண்ணு. அது விழுந்த எடத்த மட்டும் வெளிய யாருகிட்டயும் சொல்லிராத."

"சரிங்க" என்றேன். அவர் வேலியைத் தாண்டியதும் லயத்தின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கடைசி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.