பொட்டு மறைத்த மலை

பொற்கொடியின் வாயை அடக்கப் போடியில் ஆள் கிடையாது. புருஷன் போன மறு மாசமே ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து, ஆம்பளைகளுக்கு நடுவே நின்று ஏலத்தில் விலை கேட்டவள். அவளையே தலைகுனிந்து நடக்க வைத்துவிட்டான், கொழுந்தன் கன்னையன்.

கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு மலைப் படம் உண்டு. ரோடு போடாத காலத்துப் போடிமெட்டுச் சரிவு. எந்த வெள்ளைக்காரன் எடுத்ததோ, பூட்டன் காலத்திலிருந்தே சாமி படங்களோடு தொங்கியது. அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் கண்ணாடிக்கும் சந்தனப் பொட்டு, பழையதைத் துடைக்காமல் எப்போதும் மலையுச்சியின் மேலேயே. மரச்சட்டம் இற்றுப்போனதால் பொற்கொடி ஸ்டுடியோவில் கொடுத்து மாற்றினாள். கண்ணாடியையும் அவர்கள் கழுவித் துடைத்துவிட்டார்கள். வந்தது வினை.

திரும்பி வந்த படத்தில், மலையுச்சியில் வட்டமாக ஒரு கருப்பு.

"நம்ம படத்துல இது ஏது? அசலை வித்துட்டு நகலை மாட்டிருக்காக மதினி."

கன்னையன் இதைக் கடை கடையாகச் சொல்லிவிட்டு, கடைச் சாவியையும் கேட்டான். உட்கார்ந்து அழுகிறவளா பொற்கொடி? பழைய புகைப்படங்களைச் சோதிக்கும் முத்துப்பிரியாவை மதுரையிலிருந்து வரவழைத்தாள். நகல் என்றால் சாவியைத் தந்துவிடுவதாக நாலு பேர் முன்னால் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

முத்துப்பிரியா சட்டத்தைப் பிரித்து, லென்சு வைத்துப் பார்த்தாள். முட்டை வெள்ளைக்கரு பூசிய அந்தக் காலத்துக் காகிதம், மிஷினில் அச்சடித்தது இல்லை என்றாள். அந்தக் கருப்பு என்ன என்று கன்னையன் விடாமல் நின்றான். கண்ணாடியில் ஏதாவது ஒட்டியிருந்ததா என்று அவள் கேட்க, பொற்கொடி சந்தனப் பொட்டைச் சொன்னாள். முத்துப்பிரியா சிரித்துவிட்டாள்.

"வாசல் வெயில்ல படம் பூரா வெளுத்துப்போச்சுங்க. பொட்டு மறைச்ச இடம் மட்டும் எடுத்த அன்னிக்கு இருந்த நிறத்துலயே இருக்கு. அசல்தான். இந்த மலையை இவ்வளவு பழைய படத்துல நான் பார்த்ததே இல்ல."

சந்தோஷத்தில் பொற்கொடி எல்லோருக்கும் டீ சொன்னாள். மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கன்னையன் முனகினான்.

"வைக்கல கொழுந்தனாரே. கடை கடையா ஏறித்தானே என்னையத் திருடின்னு சொன்னீக? அதே மாதிரி ஏறி, அசல்தான்னு சொல்லிட்டு வாங்க. வெரசா போங்க, கடை அடைச்சிருவாக."

டீயைக்கூடக் குடிக்காமல் கன்னையன் எழுந்து பக்கத்துக் கடைப் படியில் ஏறினான்.