படம் உடைந்த தெரு

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆள் ஒல்லி, நெட்டை. தோளில் எப்போதும் ஓர் அலுமினிய ஏணி. முதலில் ஏணிக்காரர் என்றார்கள். நாளாக ஆக ‘காரர்’ தேய்ந்து வெறும் ஏணி என்றே ஆகிவிட்டார். “ஏணியைக் கூப்பிடு” என்றால் ஆளைச் சொல்கிறார்களா சாமானைச் சொல்கிறார்களா என்று யாரும் குழம்பியதில்லை. இரண்டும் சேர்ந்துதான் வரும்.

“எங்க வீட்ல ரெண்டு ஏணி. ஒண்ணு சுவத்துல சாஞ்சிருக்கும், இன்னொண்ணு கட்டில்ல சாஞ்சிருக்கும்” என்பாள் அவர் மனைவி. சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் கட்டிலில் சாய்ந்திருப்பவரின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவதும் அவள்தான்.

டிவி ஆன்டெனா போடுவது அவர் தொழில். நடுவில் கொஞ்ச காலம் அந்தத் தொழில் படுத்துவிட்டது. கேபிள் வந்தது, பிறகு வட்டத் தட்டு ஆன்டெனா வந்தது. மாடிகளில் இருந்த பழைய கம்பிகளில் ஜனங்கள் துணி காயப்போட்டார்கள். பிறகு டவரிலிருந்து டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தது. மாதச் சந்தா கிடையாது, படம் கண்ணாடி மாதிரி என்று தெரிந்ததும் துணிகளை எடுத்துவிட்டு மறுபடியும் ஏணியைத் தேடினார்கள். வேலை திரும்பி வந்தது. அவருடைய முட்டிதான் திரும்பி வரவில்லை.

பழைய டிவியில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், பேய் நிழல் தெரியும். ஆனாலும் கதை புரியும். டிஜிட்டல் அப்படி இல்லை. வந்தால் முழுசாக வரும். கொஞ்சம் குறைந்தால் கட்டம் கட்டமாக உடைந்து, அழுகிற கதாநாயகியின் வாய் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக அப்படியே நின்றுவிடும். அந்த மழைக்காலத்தின் முடிவில் எங்கள் தெரு முழுக்க அதுதான் நடந்தது.

முதலில் தையல்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மறுநாள் காலை ஏணி மாடி ஏறிப் பார்த்தார். ஆன்டெனா டவரைப் பார்த்து ஒழுங்காகத்தான் நின்றது, வயர் இணைப்பில் தண்ணீர் இறங்கவில்லை, கீழே படமும் அருமையாக வந்தது. இறங்கி வந்துவிட்டார். சாயங்காலமே போன்.

“மறுபடி உடையுதுங்க.”

அடுத்து சலூன்காரர், அதற்கடுத்து மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மா, பிறகு எங்கள் வீடு. எல்லாருக்கும் மத்தியானத்துக்கு மேல் உடைகிறது. காலையில் ஏணி வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

“நீங்க வந்தா அது நல்ல பிள்ளையாயிடுது. போனதும் ஆட்டம் போடுது. பேசாம நீங்க மாடியிலயே குடியிருந்துடுங்க” என்றார் சலூன்காரர்.

ஏணி சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ஏறாத மாடி இல்லை. சில வீடுகளில் படிக்கட்டு இருந்தது. சில வீடுகளில் ஏணிதான். கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி, மூச்சு வாங்கி, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து இடது காலை இழுத்துக்கொண்டு ஏறினார். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருக்க உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார் என்று அவர் மனைவி சொன்னாள்.

“ஒரு பூஸ்டர் போட்டு விட்டுடுங்களேன்” என்றார் தையல்காரர். பூஸ்டர் என்பது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் மாட்டும் சின்னப் பெட்டி. வருகிற சிக்னலைப் பெருக்கிக் கீழே அனுப்பும். எதற்கெடுத்தாலும் அதுதான் மருந்து என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் உண்டு.

“வர்றதைத்தான் அது பெருக்கும். கூடவே குப்பை வந்தா குப்பையையும் சேத்துப் பெருக்கும். எங்கிருந்தோ குப்பை வருது. அதைக் கண்டுபிடிக்கணும்” என்றார் ஏணி.

மறுநாள் மத்தியானம், படம் உடைகிற நேரமாகப் பார்த்து வந்தார். மாடிக்குப் போகவில்லை. கையில் ஒரு குட்டி ஆன்டெனா, கழுத்தில் தொங்கும் மீட்டர், தோளில் வயரும் சாமானும் போட்ட பை, இதோடு தெருவில் நடந்தார்.

“என்ன, மீன் பிடிக்கவா?” என்று கேட்டார் சலூன்காரர்.

“ஆமா. திமிங்கலம்.”

தெருக்கோடிக்குப் போகப் போக மீட்டரில் சிக்னலின் அளவு ஏறிக்கொண்டே போனது. தரமோ தரையைத் தொட்டது. கூட்டத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால் பேசுகிறவன் குரல் கேட்காது இல்லையா, அந்த மாதிரி. கத்துகிறவன் எங்கோ பக்கத்தில் இருந்தான். ஏணி முனை திரும்பிப் பின்தெருவுக்குள் போனார். மஞ்சள் அடித்த நாலு மாடிக் கட்டடத்தின் முன்னால் முள் முழுசாகச் சாய்ந்தது.

அங்கே அவர் நின்றுவிட்டார். இரண்டாம் மாடி பால்கனியில் ஒரு புது ஆன்டெனா கம்பிக் கிராதியோடு கட்டப்பட்டிருந்தது. அது அவருடைய அண்ணன் வீடு.

அண்ணனும் தம்பியும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் கடை வைத்திருந்தார்கள். தம்பி மேலே ஏறித் திருப்புவார். அண்ணன் கீழே டிவி முன்னால் நின்று “வந்துடுச்சு, போயிடுச்சு” என்று கத்துவார். தட்டு ஆன்டெனா வந்ததும், கம்பி காலம் முடிந்தது என்று அண்ணன் பிரிந்து தனிக்கடை போட்டார். பிரிந்தது பெரிய விஷயமில்லை. கடை நிறைய ஆள் இருக்கும்போது, “இவன் கூரை ஏறத்தான் லாயக்கு. புத்தி தரையிலயே நின்னுடுச்சு” என்று சொன்னதுதான் பெரிய விஷயம். அன்றைக்கு நின்ற பேச்சு. எதிரில் வந்தால் இருவரில் ஒருவர் தெருவை மாற்றிக்கொள்வார். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டபோதுகூட ஏணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

இப்போதும் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. எதிர்ப்புறத் திண்டில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கோபம்கூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே. தெரு முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்புதான் கடைசியில் எழுப்பிவிட்டது.

கதவைத் திறந்தவள் அண்ணி. அவள் ஆச்சரியப்படவே இல்லை.

“வாங்க தம்பி. செருப்பு கிடக்கட்டும், உள்ள வாங்க.”

அண்ணன் டிவி முன்னால் நாற்காலியில் இருந்தார். டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. இடது கையில் ரிமோட். தம்பியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

ஏணி நேராகப் பால்கனிக்குப் போனார். ஆன்டெனா எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு பூஸ்டர், அதற்கு அடியில் இன்னொரு பூஸ்டர். நடுவில் வயர்களை உரித்து, முறுக்கி, பசை டேப் சுற்றி, டேப் நிற்காததால் மேலே தையல் நூலால் கட்டியிருந்தது. முடிச்சுகளெல்லாம் கோணல். ஒற்றை இடது கையாலும் பல்லாலும் போட்ட முடிச்சு என்று பார்த்ததும் தெரிந்தது.

மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதேதான். ஒன்று பெருக்கியதை இன்னொன்று பெருக்க, கசிந்தது மறுபடி ஆன்டெனாவில் புக, இரண்டும் சேர்ந்து ஊரையே செவிடாக்கிக்கொண்டிருந்தன. அண்ணன் மத்தியானம் தூங்கி எழுந்து சுவிட்சைப் போட்டதும் கத்தல் ஆரம்பம்.

ஏணி பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

“ஒண்ணுக்கு ரெண்டா போட்டா நல்லா வரும்னு நெனச்சேன்” என்றார் அண்ணன். வார்த்தைகள் குழறின. பேச்சு நின்ற பிறகு தம்பியிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

“உனக்கு முட்டி போயிடுச்சாமே.”

“யாரு சொன்னா?”

“உன் வீட்டுக்காரிதான்.”

ஏணி அண்ணியைப் பார்த்தார். அண்ணி முந்தானையால் மேசையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“நீங்க ரெண்டு பேரும் பேசலைன்னா நாங்களும் வாயைத் தச்சுக்கணுமா? வாரா வாரம் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்” என்றாள்.

ஏணிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்குகிற களைப்பில் பெருமூச்சாக வெளியே விட்டார். கிராதியிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றினார்.

“இங்க எத்தனை பூஸ்டர் வச்சாலும் வராது. சுவரைத்தான் பாக்குது. மேல கொண்டு போகணும்.”

“இன்னிக்கு வேணாம்டா. ஏறாதே” என்றார் அண்ணன்.

“இன்னிக்கு விட்டா நாளைக்கும் ஏறத்தானே வேணும்.”

மொட்டை மாடிவரை போய்ச் சேர நெடுநேரம் ஆனது. ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்தார். மேலே தண்ணீர்த் தொட்டியின் மறைவு இல்லாத மூலையில், அங்கே கிடந்த பழைய குழாயை நிறுத்தி ஆன்டெனாவை மாட்டி, புது வயரைச் சுவரோரமாகத் தொங்கவிட்டார். அண்ணி கீழே டிவியில் சொருகினாள். இப்போது படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணனின் குரல் மாடிவரை எட்டாது.

“உங்கண்ணன் கைத்தடியால கிராதியில தட்டுறாராம்! நல்லா வந்தா ஒரு தட்டு, கெட்டா விடாம தட்டு!” என்று அண்ணி பால்கனியிலிருந்து கத்தினாள்.

ஏணி குழாயை மெல்லத் திருப்பினார். கீழேயிருந்து தடதடவென்று தட்டல். இன்னும் கொஞ்சம் திருப்பினார். தட்டல் தயங்கியது, மறுபடி கேட்டது. ஒரு மயிரிழை திருப்பினார். ஒரே ஒரு தட்டு, பலமாக. அங்கேயே இறுக்கினார். உயரமும் திசையும் சரியாக இருந்ததால் பூஸ்டரே தேவைப்படவில்லை. இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அண்ணன் ஏதோ சமையல் நிகழ்ச்சியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது தம்பி வந்ததாலா, டிவியில் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்ததாலா என்று ஏணி ஆராயவில்லை. அண்ணி கொடுத்த தண்ணீரைக் குடித்தார்.

“வர்றேண்ணே.”

“ம்.”

அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பு, மன்னிப்பு ஒன்றும் கிடையாது.

தெருவுக்கு வந்தபோது எல்லா வீட்டிலும் படம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“என்னங்க ஆச்சு? யாரு செஞ்ச வேலை?”

“யாரும் இல்ல. ஒரு வயர் லூசா கிடந்துச்சு.”

“ஒரு வயருக்கா ஒரு வாரம்?” என்றார் தையல்காரர். ஏணி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினார். ‘அந்தாளுக்கு வேலை மறந்துபோச்சு’ என்று அன்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அது அவர் காதுக்கும் போனது. உண்மையைச் சொல்லி வாயடைத்திருக்கலாம், அவர் செய்யவில்லை. அவர் மனைவி வழியாக எங்களுக்கு விஷயம் தெரிய வந்தது ரொம்பப் பின்னால்.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்களா என்றால், பேசினார்கள். ஒரு சேனல் வரவில்லை என்று அண்ணன் போன் செய்வார்; ரிமோட்டில் மறுபடி தேடும்படி ஏணி சொல்வார்; “எந்தப் பொத்தான்?” என்று கேட்டு அண்ணன் எரிந்துவிழுவார். பழைய கதையை இருவரும் எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் முட்டி சரியாக மடங்காமல் போய், ஏணி ஆன்டெனாவுக்காக மாடி ஏறுவதை நிறுத்திவிட்டார். இப்போது தெருவில் படம் உடைந்தால் அடுத்த பேட்டையிலிருந்து ஓர் ஆள் வருகிறார். சில மத்தியானங்களில், தடியூன்றிய இரண்டு பேர் அந்த மஞ்சள் கட்டடத்துப் பால்கனியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே டிவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இருவருமே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.