மாப்பிள்ளை கப்பலேறிய கதை

என் மாமனார் "ஓம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது.

அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகியிருக்கவில்லை. பினாங்கில் குடியேறிய யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எதை நீட்டினாலும் முதலில் பிழை பார்ப்பார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தவர். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், மணவறையை விண்கப்பல் மாதிரி கட்டப் போகிறோம், கூரை முழுக்க நட்சத்திரம் மின்னும், நாதஸ்வரம் தொடங்குவதற்கு முன் ராக்கெட் கிளம்பும் சத்தம் வரும் என்றெல்லாம் சொல்கிறேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் தம்பி, செய்யுங்கோ" என்றார்.

ஒரு கேள்வி இல்லை. ஒரு வட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்து என் அக்காவிடம் சொன்னேன். நாங்கள் தமிழ்நாட்டு வழி வந்தவர்கள். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "டேய், அவங்க ஓம்னு சொன்னா அது ஆமாவா, இல்ல மந்திரமா? உன்னை ஒழிக்க ஏதும் ஆரம்பிச்சிட்டாரா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விதை விழுந்துவிட்டது.

விண்கப்பல் யோசனை எனக்கும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் பொதுவானது. நாங்கள் சந்தித்ததே ஒரு விண்வெளிப் படத்தின் முதல் பாகத்துக்கு டிக்கெட் வாங்க நின்ற வரிசையில்தான். இரண்டாம் பாகத்தை அவளுடைய அண்ணன் நடுவில் உட்கார்ந்திருக்கப் பார்த்தோம். மூன்றாம் பாகம் வருவதற்குள் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்குப் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சில்லுகளில் கீறல் தேடுவாள். அந்தக் கண்ணிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கண் பொய் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்?

கப்பலைக் கட்டும் வேலையை நான் ஜார்ஜ் டவுனில் ஒரு சீனர் கடையில் கொடுத்திருந்தேன். இறந்தவர்களுக்காக எரிக்கும் காகித வீடு, காகிதக் கார் செய்கிற கடை. வெள்ளிக் காகிதத்தை அவர்களைப் போல ஒட்ட ஊரில் ஆளில்லை. கடை எது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் "தெரிஞ்ச ஆளு" என்றேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கப்பலைப் பார்க்கப் போனேன். கடைக்காரர் கதவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றார். "சூடா சியாப், சூடா சியாப்" என்றார் மலாயில். முடிந்துவிட்டதாம். எங்கே என்றால் காட்டவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தது போலிருந்தது. அந்தக் கடைக்காரர் ஒருவரைப் பரிதாபமாகப் பார்ப்பது நல்ல சகுனம் இல்லை.

அவளோ பெரிய பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள்.

"எதுக்கு இவ்ளோ பெருசு?"

"கல்யாணம் ஆனா உங்க வீட்டுக்கு வரணும்லா. துணிய பிளாஸ்டிக் பையிலயா அள்ளிட்டு வர்றது?"

நியாயமான பதில். அதனால்தான் நம்ப முடியவில்லை. "சனிக்கிழமை வீட்டுப் பக்கம் வராதீங்க, நான் இருக்க மாட்டேன்" என்று வேறு சொன்னாள். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவளுடைய அப்பா டெலிபோனில் பேசுவது கேட்டது.

"ஓம், ஓம். கப்பல் விசயம் மாப்பிள்ளைக்குத் தெரியப்படாது. சனிக்கிழமை காலமை ஏத்திப்போடுவம். பிள்ளையும் என்னோட வருவாள். எல்லாம் முடிஞ்ச பிறகு அவருக்குச் சொல்லலாம். இல்லாட்டி என்ட மானம் கப்பலேறிப் போகும்."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அந்த நாட்களில் பினாங்கிலிருந்து மெட்ராஸுக்குப் பயணிகள் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கப்பல் என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் அதுதான் அர்த்தம். ஆக, சனிக்கிழமை மகளைக் கப்பலேற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னை மணவறையில் தனியாக உட்கார வைத்து, பிறகு சொல்வார்களாம். பெரிய பெட்டி, கடைக்காரர் பார்வை, அந்த ஓம், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரு முட்டாள் துப்பறிய ஆரம்பித்தால் எல்லாமே பொருந்திவிடும்.

சனிக்கிழமை காலையில் துறைமுகத்தில் நின்றேன். தோளில் பை; அதற்குள் இரண்டு வேட்டி, சட்டை, பல் துலக்கும் பிரஷ், பாஸ்போர்ட். அவள் போனால் நானும் அதே கப்பலில் ஏறிவிடுவது என்பது திட்டம். டிக்கெட் இல்லை என்பது நினைவுக்கே வரவில்லை.

வாசலில் காவலுக்கு நின்றவர் தமிழர். "மெட்ராஸ் கப்பல் எத்தனை மணிக்குண்ணே?" என்றேன்.

"அது போன வாரமே போச்சுலா, தம்பி. இப்ப கப்பலே இல்ல." என் பையைப் பார்த்தார். "கடன்காரனா, பொண்ணா?"

பதில் சொல்வதற்குள், பக்கத்து ஃபெரித்துறையின் பக்கமாக ஒரே ஆரவாரம். திரும்பிப் பார்த்தேன். அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெரியிலிருந்து ஒரு லாரி இறங்கிச் சாலைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் முதுகில், காலை வெயிலில் கண் கூச, வெள்ளி நிறத்தில் ஒரு விண்கப்பல். முன் இருக்கையில் டிரைவர், அவரை ஒட்டி என் வருங்கால மனைவி, ஜன்னலோரம் குடையுடன் அவளுடைய அப்பா.

லாரி என் முன்னால் நின்றது. அவர் இறங்கினார்.

"செத்த வீட்டுக்கு எரிக்கிற கடையில என்ட பிள்ளைக்கு மணவறை செய்யக் குடுத்த ஆள் நீர்தானே?" என்றார். "அந்தத் தெருவில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். அதை வேண்டாமெண்டு சொல்லி, கடைக்காரனையும் வாய் திறக்க வேண்டாமெண்டுபோட்டு, அக்கரையில சிம்பாங் அம்பாட்டில லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில தகரத்தில செய்விச்சனான். சொன்னால் சண்டைக்கு வருவீர் எண்டுதான் மறைச்சது. சரி, நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் என் பையில் விழுந்துவிட்டது. சில்லில் கீறலைப் பார்க்கிற அதே பார்வை.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

அவளே திறந்தாள். வேட்டி வந்தது. பிரஷ் வந்தது. பாஸ்போர்ட் வந்தது.

"அப்பா," என்றாள், குரல் உடைந்து, "இவரு ஓடப் பாத்திருக்காரு."

"ஓடலை! நீதான் ஓடுறேன்னு நினைச்சு, உன் பின்னாடி ஓட வந்தேன்!"

இப்போது எழுதும்போது கூட அந்த வாக்கியம் எனக்கே நம்பும்படியாக இல்லை. காவலர் வேறு உதவிக்கு வந்தார். "ஆமாய்யா, மெட்ராஸ் கப்பலைத்தான் கேட்டாரு."

டெலிபோனில் கேட்டதை நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். கப்பல் என்று சொன்னாரா இல்லையா? ஏத்திப்போடுவம் என்று சொன்னாரா இல்லையா? அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவருடைய சொற்களை நான் எங்கே பிரித்து, எங்கே சேர்த்துப் படித்தேன் என்று மனதுக்குள் சிவப்பு வட்டம் போட்டிருக்க வேண்டும். அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வரவில்லை. "என்னை அப்படியா நினைச்சீங்க?" என்றாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்தான். கேட்கிற நிலையில் நான் இல்லை.

கடைசியில் அவர் குடையால் லாரியின் முதுகைக் காட்டினார். "ஏறும்."

"எங்க மாமா?"

"கப்பலில. மண்டபம் போய்ச் சேருமட்டும் என்ட கண்ணுக்கு முன்னால இரும்."

ஜார்ஜ் டவுன் வீதிகளில் சனிக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, தகரத்து விண்கப்பலின் வாசலில் குந்தியபடி நான் போனேன். கடைக்காரர்கள் கையசைத்தார்கள். முன்னாலிருந்து அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், நான் குதித்துவிடவில்லையே என்று. மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் சிரித்தாள்.

மறுநாள் ராக்கெட் சத்தத்தில் அய்யர் திடுக்கிட, தாலி கட்டினேன். என் பை மாமனாரின் நாற்காலிக்கு அடியில் இருந்தது. விருந்து முடிந்து பையைத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்போர்ட் மட்டும் அதில் இல்லை. கேட்டேன்.

"ஓம்," என்றார்.

முதல் பிள்ளை பிறந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது.