பெடலருகே ஒரு மெக்கானிக்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியின் படிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார். ஸ்டியரிங் பிடித்திருப்பவரின் முகத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை. கண் முழுக்கக் கால்களில்தான். "இருங்க, இருங்க. இப்ப அந்தக் காலு எதுக்கு அங்க போச்சு?" என்கிறார். கேட்கப்பட்டவர் நெளிகிறார். இன்ஜினைக் காட்ட வந்தால் இந்த மனிதர் நம் செருப்பை ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாரே என்று யாருக்குத்தான் இருக்காது?

ஊரில் அவருக்கு 'இருங்க மெக்கானிக்' என்றுதான் பெயர். எதற்கெடுத்தாலும் 'இருங்க' தான். அவசரமாக வந்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லிலேயே பாதி ரத்தம் கொதித்துவிடும். என்ன வெயிலானாலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். ஏதாவது யோசிக்கும்போது திருப்புளியால் காதுக்குப் பின்னால் சொறிந்துகொள்வார். அதனால் வலது காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கும். கல்யாண போட்டோவிலும் அது இருப்பதாக அவர் மனைவி சத்தியம் செய்கிறார்.

அந்த மனைவி, ஷெட்டை ஒட்டியே உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கணவர் கழற்றுவார், மனைவி விற்பார், நல்ல ஏற்பாடுதான் என்று நீங்கள் நினைப்பீர்கள். மெக்கானிக்கோ எதையும் மாற்ற விடமாட்டார். "நல்லா இருக்கிற சாமான எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று சொல்லி, வாங்க வந்தவருக்குப் பழையதையே துடைத்து மாட்டி அனுப்பிவிடுவார். "இவரால என் கடை ஓடுதுன்னு நெனைக்காதீங்க. இவர் பக்கத்துல இருந்தும் ஓடுது பாருங்க, அதான் அதிசயம்" என்றார் அந்த அம்மா ஒருமுறை என்னிடம்.

இன்னொரு ரகசியமும் அந்த அம்மா சொன்னதுதான். மெக்கானிக்குக்கு வண்டி ஓட்டச் சரியாக வராது. நேராகப் போவதென்றால் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். ரிவர்ஸ் என்றால் வியர்த்துவிடும். ஷெட்டின் பின்சுவரில் உள்ள பள்ளங்கள் எல்லாம் அவருடைய கைவரிசை. வண்டிகளை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் மனைவிதான். சோதித்துப் பார்க்கக்கூட அவர் ஓட்டுவதில்லை, வண்டிக்குச் சொந்தக்காரரையே உட்கார வைப்பார். கால் பார்க்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். வேறு வழியில்லாமல் தொடங்கியதென்றாலும் அதில் அவர் கில்லாடியாகிவிட்டார்.

என் காரின் ஹாரன் தானாகவே அலறும் வியாதிக்காக நான் அங்கே போயிருந்த காலையில்தான் அந்தப் பழைய பிக்கப் வந்தது. ஓட்டி வந்தவர் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் பெண். நகக்கண்ணில் மண். பக்கத்தில் அவர் கணவர், தோள்பட்டை எலும்பு முறிந்து வலது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். பெரிய தொட்டி ஒன்றை இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து அந்தப் பெண் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, உரிமமும் வாங்கி, செடிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து வருகிறார். கணவருக்குக் கைதான் ஓய்வில் இருந்தது, வாய் இல்லை.

"நின்னா அடிச்சிக்குது, அப்புறம் பொட்டுனு ஆஃப் ஆயிடுது" என்றார் அவர். "நான் ஓட்டுனப்ப ஒரு நாளும் நின்னதில்ல. ப்ளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர கழட்டிக் கழுவியாச்சு. இனி ஆள மாத்துறதுதான் பாக்கி."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "நேத்து சந்திப்புல நின்னுடுச்சுண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். "பின்னாடி லாரி. எனக்குக் கை காலெல்லாம் ஓடல. இவரு பயந்துட்டாரு. வண்டிய வித்துடலாம்னு ஆளுக்குச் சொல்லிட்டாரு. இன்னிக்கி சாயங்காலம் பேச வராங்க. வண்டி போச்சுன்னா பண்ணையும் போச்சு. செடி என்ன நடந்தா போகும்?"

"வண்டிதானே போகுது, நீ இருப்பேல்ல" என்றார் கணவர். கேலி இல்லாமல் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அதைக் கேட்டதும் பாதியாகக் குறைந்தது.

"இருங்க" என்றார் மெக்கானிக். சைலன்சர் வாயருகே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார். "நீங்க ஏறுங்க. ஸ்டியரிங்க தொட வேணாம், காலு போதும். சிக்னல்ல நிக்கிற மாதிரி நெனச்சுக்கங்க."

கணவர் ஏறினார். இடது கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், வலது காலை ஆக்ஸிலேட்டரில் லேசாக வைத்தார். இன்ஜின் சமர்த்தாக ஓடியது. "பாத்தீங்களா?" என்று அவர் என்னைப் பார்த்தார். அந்த வழக்கில் நான் ஏன் சாட்சியானேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து அந்தப் பெண் ஏறினார். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றார். வண்டி ஒருமுறை உலுக்கியது. குளிர்காய்ச்சல்காரர் மாதிரி நடுங்கியது. நின்றுவிட்டது.

"நான் சொன்னேனா இல்லையா!" என்றார் கணவர். அந்தப் பெண் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெடலருகே குந்தியிருந்த மெக்கானிக் மட்டும் எழுந்திருக்கவில்லை. திருப்புளி காதுக்குப் பின்னால் போனது. "இருங்க. சார், நீங்க இன்னொருக்கா ஏறுங்க. இந்தத் தடவ ஹேண்ட்பிரேக்க தொடாதீங்க. அம்மா மிதிச்ச மாதிரி பிரேக்க மிதிங்க."

"நான் அப்படி நிறுத்துறதே இல்லையே."

"அதான் சார், மிதிங்க."

மிதித்தார். வண்டி உலுக்கியது, நடுங்கியது, நின்றது. என் கார் ஹாரன் தானாக ஒருமுறை அலறியது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். இன்ஜினிலிருந்து பிரேக் பக்கம் இருக்கும் வட்ட டப்பாவுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் காட்டினார். அதன் மேல் துணியைச் சுற்றி, இடுக்கியால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப மிதிம்மா" என்றார். அந்தப் பெண் ஏறி மிதித்தார். இன்ஜின் அசையாமல் ஓடியது. கையை விட்டார், நடுங்கியது. பிடித்தார், அடங்கியது.

"இந்த டப்பாதான் பூஸ்டர். இன்ஜின் காத்த உறிஞ்சுற வேகத்துலதான் இது பிரேக்குக்குத் தெம்பு குடுக்குது. உள்ள இருக்கிற ரப்பர் கிழிஞ்சிருக்கு. பிரேக்க மிதிச்சா அந்தக் கிழிசல் வழியா வெளிக்காத்து இன்ஜினுக்குள்ள போயிடுது. ஓட்ட விழுந்த ஸ்ட்ராவுல ஜூஸ் குடிச்சா வருமா? அதே கததான். சார் பிரேக்குல கால வெச்சு நிக்கிறதே இல்ல, அதனால உங்களுக்குத் தெரியல. மத்த மெக்கானிக்குங்க ஷெட்டுல பிரேக்க மிதிக்காமலே பாத்துட்டு, ஸ்க்ரூவ திருகி அனுப்பிட்டாங்க. அம்மா ஒழுங்கா ஓட்டுனாங்க, அது அவங்க கிட்ட மாட்டிக்கிச்சு. அதுசரி, பிரேக்கு கெட்டியா இல்ல?"

"கல்லு மாதிரி இருக்கும்ணே. என் காலுக்குத்தான் பலம் பத்தலன்னு நெனச்சேன்." சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெறும் ரப்பர் கிழிசல். அதை இத்தனை நாளும் தன் குறையாகவே சுமந்திருக்கிறார்.

கணவரின் முகம் வெளுத்தது வேறு கணக்கில். "அப்ப பிரேக்கும் போயிருக்குமா?" என்று கேட்டார்.

"இதோட ரோட்டுல விடவே கூடாது. மாத்தித்தான் ஆகணும்" என்ற மெக்கானிக், கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, இந்த வண்டிக்குப் புது பூஸ்டர் இருக்கா?"

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. அந்த அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க, காது குளிரட்டும்!"

பரணிலிருந்து ஒன்று இறங்கியது. மாட்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. எவனோ ஸ்க்ரூவைத் திருகி ஏற்றி வைத்த ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தை, மெக்கானிக் திட்டிக்கொண்டே பழைய அளவுக்கு இறக்கினார். அந்தப் பெண் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் மெத்தென்று இறங்கியது. ஷெட்டுக்குள்ளேயே மெல்ல உருட்டி நிறுத்தி, மறுபடி உருட்டி நிறுத்திப் பார்த்தார்கள். இன்ஜின் முனகக்கூட இல்லை.

"ரோட்டுல ஒரு சுத்து பாத்துட்டுதான் எதுவும் சொல்ல முடியும். நானும் வரேன்" என்று கணவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அங்கே இடது பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார், மும்முரமாகக் கை துடைத்தபடி.

"வழி விடுங்கண்ணே."

"இருங்க சார். புது பூஸ்டரு. மொதல்ல ஒரு ஆளு வெயிட்டுலதான் பாக்கணும்."

இப்படி ஒரு விதி எந்த ஊரிலும் கிடையாது. வண்டி பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணவர் பதில் தேடுவதற்குள் கியரைப் போட்டுவிட்டார்.

ஷெட் வாசலிலிருந்து பார்த்தால் சந்திப்பு தெரியும். சிவப்பு விழுந்தது. பிக்கப்பின் பின்விளக்குகள் எரிந்தன. பின்னால் ஒரு பேருந்து வந்து ஒட்டி நின்றது. "ஆக்ஸிலேட்டர குடு... லேசா குடு..." என்று கணவர் வாய்க்குள் முணுமுணுத்தார். பச்சை விழுந்தது. பின்விளக்குகள் அணைந்தன. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்து, இடப்பக்கம் திரும்பி மறைந்தது. அவர் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது அவர் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. வலது கை கட்டுக்குள் இருந்தது, இடது கைக்கு எட்டவில்லை. மெக்கானிக்கே எடுத்துத் திரையைக் காட்டினார். வண்டி வாங்க வருகிறவர்தான்.

கணவர் திரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "அடிக்கட்டும்" என்றார்.

மெக்கானிக் ஃபோனை அடிக்க அடிக்க அப்படியே அவர் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டார்.