வாழைக்குத் திருப்பிய தண்ணீர்

பத்தாவதோடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலுப்பூர் பக்கம் எங்கள் வீடு. மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். இந்தக் கோடையில் அவளுடைய வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் அடிக்கடி நின்றுபோயின. பேட்டரி மாற்றினாள், புது மவுஸே வாங்கினாள். சரியாகவில்லை.

"நீ தண்ணி மோட்டாரு போட்டாலே இதுக்கு வலிப்பு வந்துருதும்மா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டார் ஓடும்போது கம்ப்யூட்டர் பெட்டியைத் துடைத்தால் என் விரலில் சுருக்கென்று ஏறும். சொன்னால், "ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்பாள். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்தேன்.

ஒருநாள் தோள்வரை இழுத்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். மகளிடம் அப்போதும் சொல்லவில்லை.

அவர் மோட்டாரைப் போடச் சொல்லி, பெட்டியில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மவுஸ் நின்றதும் மகள் வழக்கம்போல, பெட்டியின் பின்னால் சொருகியிருந்த மவுஸ் ரிசீவரைப் பிடுங்கக் குனிந்தாள். வெறுங்கால்.

"தொடாத தங்கச்சி! அங்கிட்டுப் போ!" என்று கத்தினார் எலக்ட்ரீஷியன்.

அவள் கை ஒரு விரல் தூரத்தில் நின்றது.

மோட்டாரில் கசிந்த கரண்ட், மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் எர்த் கம்பியில் ஏறிப் பெட்டிக்கு வந்திருக்கிறது.

"எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துறதே இல்லையாக்கா? காஞ்சு கெடக்கு. ஈரம் இருந்தாத்தான் கரண்டு மண்ணுக்குள்ள எறங்கும்."

துணி துவைத்த தண்ணீர் முன்பு அந்தக் குழிக்குத்தான் போகும். அதை வாழைக்கன்றுக்குத் திருப்பியவள் நான்.

அந்த ஒரு விரல் தூரம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மறுநாள் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் குழியில் ஊற்றினேன்.