மிட்சுவேவுக்காக உயர்ந்த நாற்காலி

எங்கள் தெருவில் முடி வெட்டுகிற தொகுசோவுக்கு வாய் ஓய்ந்ததில்லை, முழங்கால்தான் ஓய்ந்துவிட்டது. ஊர்க்கதை வேண்டுமென்றால் அவர் கடைதான். தலையில் முடியே இல்லாத நான்கூட வாரம் தவறாமல் போய் உட்காருவேன். அவர் மனைவி மிட்சுவே பக்கவாதம் வந்து கடை மாடியில் படுத்திருந்தாள்.

போன வருடத் திருவிழாவில் ஹச்சிமன் சாமியின் பல்லக்கு வந்தபோது, ஆசை தாங்காமல் மாடி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டாள். சாமியை மேலிருந்து பார்க்கலாமா? எங்கள் ஊரில் அது அபசாரம். அந்த நேரம் பார்த்துப் பல்லக்கு கூரையில் இடித்து ஓடு விழுந்தது. பழி அவள்மேல். அன்றிலிருந்து ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. இந்த வருடத் திருவிழாவைத் தாண்டி அவள் இருப்பாள் என்று டாக்டர் சொல்லாததால் தொகுசோ தவித்துப்போனார்.

இந்த வருடம் திருவிழா நெருங்கியதும் கோவிலுக்குப் போனார், துணைக்கு நான். கை கழுவி, வாய் கொப்பளித்து, குனிந்து, கைதட்டிக் கும்பிட்ட கையோடு பூசாரியைப் பிடித்தார்.

"பூசாரி ஐயா, ஒரே ஒரு தடவை, மாடியிலேருந்து அவ பாத்துக்கட்டுமே?"

"சாமி மன்னிச்சிடும்பா. உங்க தெரு மன்னிக்காது. கீழ கூட்டிட்டு வாயேன்."

அவர் வீட்டு மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்து. கடைக்குத் திரும்பியதும், "நாங்க நாலு பேர் தூக்கியாரோம்ண்ணே" என்றேன். மாடியிலிருந்து மிட்சுவே கத்தினாள்: "கண்டவனும் தூக்க நான் என்ன பல்லக்கா?"

திருவிழாக் காலையில் தொகுசோவே அவளைக் கிமோனோ உடுப்பின் இடுப்புப் பட்டையால் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார். விழுந்தால் பிடிக்க நான் கீழே நின்றேன்.

"ஏங்க, முழங்கால் உடையிற சத்தம் கேக்குதே."

"அது படிக்கட்டு சத்தம்டி. பேசாம வா."

முடிவெட்டும் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி உட்காரவைத்தார். நான் ஓடிப்போய், குள்ளமானாலும் எம்பிப் பல்லக்குக்குத் தோள் கொடுத்தேன். நாங்கள் கடையை நெருங்கியபோது வாசல் முழுக்கக் கூட்டம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். தொகுசோ அவசரமாக நாற்காலியின் காலடி மிதியை மிதிக்க, நாற்காலி மேலே எழுந்தது.

"இறக்குங்க, இறக்குங்க! சாமிக்கு மேல போயிடப் போறேன்! மறுபடியும் ஓடு விழுந்தா என் தலையத்தான் உருட்டுவாங்க!"

இறக்கினார். மறுபடியும் முதுகுகள்.

பல்லக்குத் தூக்கும் எங்கள் கூட்டத்துத் தலைவன், மீன்காரன் குமகொரோ, இதைப் பார்த்துவிட்டான். "டேய், கைய நீட்டித் தலைக்கு மேல தூக்குங்கடா!"

பல்லக்கு உயர்ந்தது. தொகுசோ நாற்காலியை எவ்வளவு போகுமோ அவ்வளவும் ஏற்றினார். அப்போதும் சாமிதான் மேலே. மிட்சுவே அசைகிற ஒற்றைக் கையைக் கும்பிடுவதுபோல் முகத்துக்கு நேரே வைத்து, கண்கொட்டாமல் பார்த்தாள்.

பிறகு சொன்னாள்: "ஏங்க, அந்த மொட்டைத் தலையன் தூக்கலைங்க, தொங்குறான்."